ஒப்புதல் கேட்கும் அஞ்சலில் கட்டங்கள் எங்கே போயின?

அலுவலகக் கணினியில் திறந்தால் விடுப்புக் கோரிக்கை முழுப் படிவமாக நிற்கிறது: எந்தத் தேதியிலிருந்து, எதுவரை, என்ன காரணம், வேலையை யார் பார்த்துக்கொள்வார். அதே அஞ்சலை மேலதிகாரி கைப்பேசியில் திறக்கிறார். தலைப்பு இருக்கிறது, கட்டங்களைக் காணோம்.

காரணம், படிவம் அஞ்சலோடு பயணம் செய்வதில்லை. மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக், அதன் அஞ்சல் வழங்கியான எக்ஸ்சேஞ்ச் ஆகியவற்றில் ஒவ்வோர் அஞ்சலுக்கும் 'மெசேஜ் கிளாஸ்' என்ற வகைப்பெயர் உண்டு. சாதாரண அஞ்சல் 'ஐபிஎம்.நோட்'. நாம் வடிவமைத்த படிவத்தை 'லீவ்' என்று வெளியிட்டால் 'ஐபிஎம்.நோட்.லீவ்'. அஞ்சலில் போவது இந்தப் பெயரும் நிரப்பிய விவரங்களும்தான். பெறுபவரின் அவுட்லுக் அந்தப் பெயருக்குரிய படிவத்தைத் தேடி எடுத்து, விவரங்களை அதில் பொருத்திக் காட்டும். கிடைக்காவிட்டால் சாதாரண அஞ்சலாகத் திறந்துவிடும். அதனால் படிவத்தைச் சொந்தப் படிவ நூலகத்தில் (படிவங்களைச் சேமிக்கும் இடம்) வெளியிட்டால் போதாது, நிறுவனத்தின் பொதுப் படிவ நூலகத்தில் வெளியிட வேண்டும். அப்போதும் அவுட்லுக்கின் இணையப் பதிப்பும் விண்டோஸின் புதிய அவுட்லுக்கும் இவற்றைக் காட்டுவதில்லை. முக்கியமான தேதிகளை அஞ்சலின் உடற்பகுதியிலும் எழுத வைப்பதே நல்லது என்பேன்.

வடிவமைக்கும்போது கவனம் அதிகம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. திரையில் தெரியும் கட்டம் வேறு, அதில் தட்டியதைச் சேமிக்கும் புலம் வேறு. கட்டத்தின் பண்புகளைத் திறந்து அதை ஒரு புலத்தோடு இணைக்க வேண்டும். இணைக்காமல் விட்டால், ஊழியர் கவனமாக நிரப்பிய தேதி அனுப்பியதும் காணாமல் போகும். எச்சரிக்கை எதுவும் வராது. எழுதும் பக்கமும் படிக்கும் பக்கமும்கூடத் தனித்தனி. முதலாவதில் வைத்த கட்டத்தை இரண்டாவதில் வைக்க மறந்தால், விவரம் அஞ்சலுக்குள் பத்திரமாக இருந்தும் படிப்பவர் கண்ணில் படாது. வெளியிடுமுன் இன்னொருவர் கணக்குக்கு அனுப்பி, அங்கே திறந்து பார்த்துவிடுங்கள்.

ஒப்புதல் பொத்தான்களுக்கு அவுட்லுக்கின் வாக்குப் பொத்தான் வசதியே பெரும்பாலும் போதும். 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று அரைப்புள்ளியால் பிரித்து எழுதினால் இரண்டு பொத்தான்கள் வரும். பதில்கள் வந்து சேரச் சேர, அனுப்பியவரின் 'அனுப்பியவை' கோப்புறையில் உள்ள மூல அஞ்சலிலேயே யார் என்ன சொன்னார்கள் என்பது பதிவாகும்.

எல்லாக் கருவியிலும் இயங்க வேண்டும் என்பதால் பல நிறுவனங்கள் இப்போது அஞ்சலில் இணைப்பை வைத்து, வலைப்பக்கத்தில் ஒப்புதல் வாங்குகின்றன. இதில் ஓர் அபாயம் இருக்கிறது. அஞ்சலைச் சோதிக்கும் பாதுகாப்பு மென்பொருள்கள் மனிதர் பார்க்குமுன்பே இணைப்புகளைத் திறந்து பார்ப்பதுண்டு. இணைப்பைத் திறந்தாலே 'ஏற்கப்பட்டது' என்று பதிவாகும்படி அமைத்திருந்தால், மேலதிகாரி படிக்காத கோரிக்கைக்கு இயந்திரம் ஒப்புதல் கொடுத்துவிடும். செய்திமடல்களிலிருந்து விலகும் இணைப்புகளிலும் இதே சிக்கல் இருந்தது. 2017இல் வந்த ஆர்எஃப்சி 8058 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் அதற்காகவே, வெறுமனே பக்கம் கேட்கும் 'கெட்' முறையை விட்டு, தகவலை அனுப்பும் 'போஸ்ட்' முறையை வகுத்தது. ஒப்புதலுக்கும் அதையே பின்பற்றலாம்: இணைப்பு கோரிக்கையை மட்டும் காட்டட்டும், அந்தப் பக்கத்தில் உள்நுழைந்தவர் பொத்தானை அழுத்தினால் மட்டும் முடிவு பதிவாகட்டும்.