‘டார்ட்’ என்றால் தீங்கு

அமெரிக்க மாநிலங்களின் சட்டச் செய்திகளில் ‘டார்ட் ரிஃபார்ம்’ என்ற தொடர் ஓயாமல் வரும். அதை அப்படியே தமிழில் எழுதிவிட்டுப் போகிறவர்களே அதிகம். இரண்டு சொல்லுக்குமே நல்ல தமிழ் இருக்கிறது.

ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும், இழப்பீடு கேட்டு வழக்குப் போடக்கூடிய தவறுதான் ‘டார்ட்’. இந்தச் சொல் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலச் சட்டத்துக்கு வந்தது. வேரின் பொருள் முறுக்குதல். முறுக்கியது, கோணலானது என்பதிலிருந்து ‘தவறு’ பிறந்தது. ‘டார்ச்சர்’ என்ற சொல்லும் இதற்கு உறவுதான். தமிழும் இப்படித்தான் யோசித்திருக்கிறது. ‘கொடு’ என்றால் வளைந்த. கொடுவாள் வளைந்த வாள், கொடுங்கோல் வளைந்த கோல். கொடுமையும் அந்த வளைவிலிருந்து வந்ததுதான். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

ஆனால் கலைச்சொல்லாகக் ‘கொடுமை’ கனம் அதிகம். ‘குற்றம்’ என்றால் போலீஸ், ஜெயில் நினைவுக்கு வரும். இங்கே கேட்பது இழப்பீடு. சட்டம் படிப்பவர்கள் சொல்லும் ‘தீங்கு’, ‘தீங்கியல்’ கச்சிதமாகப் பொருந்துகின்றன.

ஒரு வழக்கைப் பாருங்கள். மனைவி கிறிஸ்துமஸ் பரிசாகத் தந்த இயந்திரத்தில் ஒருவர் மரம் கடைந்துகொண்டிருந்தார். கட்டை தெறித்து நெற்றியில் அடித்தது. தயாரித்த கம்பெனியோடு அவருக்கு ஒப்பந்தம் ஏதும் இல்லை. ஆனாலும் கம்பெனியே பொறுப்பு, அதன் கவனக்குறைவை அவர் நிரூபிக்கத் தேவையில்லை என்று 1963இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. தயாரிப்பாளர் பொறுப்பு என்ற கருத்து இப்படித்தான் வேர்பிடித்தது.

அப்புறம் வந்தவைதான் ‘ரிஃபார்ம்’ சட்டங்கள். டெக்சாஸ் 2003இல், மருத்துவர்கள் மீதான வழக்குகளில் வலிக்கும் வேதனைக்குமான இழப்பீட்டுக்கு 2,50,000 டாலர் உச்சவரம்பு வைத்தது. விஸ்கான்சின் 2011இல், தவறு செய்தவரைத் தண்டிக்க இழப்பீட்டுக்கு மேல் விதிக்கும் தண்டனைத் தொகை பொதுவாக இழப்பீட்டைப் போல் இருமடங்கு அல்லது 2,00,000 டாலர், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டக்கூடாது என்றது.

பெரிய தொகைகள் காப்பீட்டுச் செலவை ஏற்றுகின்றன என்று இதை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். சரி, அது அவர்கள் வாதம். ஆனால் ‘சீர்திருத்தம்’ என்று நாமும் எழுதினால் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும். சீர்திருத்தத் திருமணம் கண்ட மொழியில் அந்தச் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. சட்டம் செய்கிற வேலையைச் சொன்னால் போதும்: ‘தீங்கியல் வழக்கு வரம்புச் சட்டம்’.