தங்கவயலுக்கு இன்னொரு பெரிய முதலாளி வேண்டாம்

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருப்பவனுக்குக் கோலார் தங்கவயல் வாடிக்கையாளர்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். வருகிறவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எங்கள் ஊருக்குப் பெரிய கம்பெனி ஏதாவது வருமா, சார்?”

எனக்கு அந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. ஊர் முழுக்க ஒரே சம்பளப் பட்டியலை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது தங்கவயல் பார்த்துவிட்டது. காவிரியின் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர் அது. பெங்களூர் தெருக்களில் விளக்கு எரிய 1905 ஆயிற்று. அப்படிப்பட்ட ஊரில் சுரங்கம் மூடியதும் கூலியோடு ஆஸ்பத்திரி, பராமரிப்பு எல்லாம் ஒட்டுமொத்தமாகப் போயின. மிஞ்சியது சயனைடு மண்மேடுகளும், மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயிலும்தான். அந்த ரயிலில் தினமும் ஆயிரக்கணக்கானோர் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் பயணம் செய்து பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். வெல்டரும் ஃபிட்டரும் டர்னரும் அதில் உண்டு. மண் அள்ளும் கனரக இயந்திரங்கள் செய்யும் பொதுத்துறை நிறுவனமான பெமல் அங்கே நடத்தும் தொழிற்சாலையாலும் சுற்றுவட்டாரத்தில் கைத்தொழில் தெரிந்தவர்கள் பெருகினார்கள். திறமைக்குப் பஞ்சமில்லை. அந்தத் திறமையை ஊரிலேயே தொழிலாக்க முதலும் ஆர்டரும்தான் கிடைப்பதில்லை.

முதல் கிடைக்காததற்குக் காரணம் சோம்பல் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. காரணம் பட்டா. சுரங்கக் குடியிருப்பில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறவரிடம், வங்கியில் அடமானம் வைக்கும்படியான பத்திரம் பெரும்பாலும் இருப்பதில்லை. பெங்களூர் மகாதேவபுராவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த டர்னர் ஒருவர், தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் சொந்தமாக லேத் (கடைசல் இயந்திரம்) போட ஆசைப்பட்டார். வங்கியில் பத்திரம் கேட்டதும் திரும்பி வந்துவிட்டார். அடுத்து கந்துவட்டிக்குப் போவதாக இருந்தார்.

முத்ரா கடனுக்கு அடமானம் தேவையில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. சிறு தொழில்களுக்காக மத்திய அரசு 2015-இல் கொண்டுவந்த திட்டம் அது. சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை, கிஷோரில் 5 லட்சம், தருணில் 10 லட்சம். தருண் கடனை ஒழுங்காகத் திருப்பியவர்களுக்கு 20 லட்சம் வரை உண்டு. தரகர் அவருக்கு வண்ணப் படங்களுடன் தடிமனான திட்ட அறிக்கை ஒன்று தயாரித்துக் கொடுத்திருந்தார். அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு தாளில் கணக்கெழுதச் சொன்னேன்: ஒரு புஷ் (இயந்திரத்தில் பொருத்தும் உலோக வளையம்) கடைய எத்தனை நிமிடம், அதற்கு என்ன கூலி, மின்கட்டணம் எவ்வளவு, மாதம் எத்தனை உருப்படி. கூடவே இரண்டு கம்பெனிகள் கொடுத்த ஜாப் ஆர்டர். வங்கி மேலாளர் நின்று படித்தது அந்தத் தாளைத்தான். ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு கடன் கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்குக் கட்டணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

அந்தப் பதிவை நம்மவர்கள் கடனுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயன் பாக்கி வசூலில் இருக்கிறது. சிறு பட்டறைகள் நஷ்டத்தில் மூடுவதைவிட, பில் பணம் வராமல் மூடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும்; ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டி. போதாதற்கு, 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் ஒரு கடிவாளம்: குறு, சிறு உற்பத்தியாளருக்குக் காலத்தில் தராத தொகையை, கொடுத்து முடிக்கும் வரை அந்தக் கம்பெனி செலவுக் கணக்கில் காட்ட முடியாது. இந்த மிரட்டல் வேலை செய்கிறது. பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சிடுங்கள். நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் கம்பெனியின் கணக்குப் பிரிவே உங்களைத் தேடும். ஆனால் வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இனி பெங்களூரில் நல்ல சம்பளத்தில் இருக்கும் தங்கவயல் பிள்ளைகளுக்கு. சீட்டிலும் ஒயிட்ஃபீல்டு மனையிலும் போடுகிற பணத்தில் ஒரு பங்கை ஊரில் மச்சானின் பட்டறையில் போடுவது நல்லதே. இப்போது பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையும் தங்கவயல் பக்கமாக வருகிறது. சரக்கு அனுப்புவது முன்பு போல் சிரமமில்லை. ஆனால் வாய்ப்பேச்சில் கொடுக்காதீர்கள். யார் எவ்வளவு போட்டார், லாபம் எப்படிப் பிரியும், விலகினால் என்ன என்று கூட்டாண்மைப் பத்திரம் எழுதி, கூட்டு நிறுவனங்களுக்கான பதிவாளரிடம் (Registrar of Firms) பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், பில் பாக்கிக்காக வெளியாள்மீது வழக்குப் போட 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் இடம் தருவதில்லை. “உறவுக்குள் எதற்குப் பத்திரம்?” என்று மாமா முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.