கேஷைத் துடைக்காதீர்கள், முதலில் எட்டிப் பாருங்கள்

ஓணத்துக்கு முந்தின வாரம், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு அரிசி மில். மட்ட அரிசி ஏற்ற வாசலில் ஆறேழு லாரி நிற்கிறது, பில்லிங் சர்வரோ ஒரு பில்லுக்கு முக்கால் நிமிஷம் எடுக்கிறது. "ரேம் நிறைஞ்சு நிறைஞ்சு போகுதுங்ணா, அதான் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா க்ளீன் ஆகற மாதிரி க்ரான்ல போட்டிருக்கேன்" என்றார் கணக்குப் பார்க்கும் தம்பி. க்ரான் என்றால் லினக்ஸில் குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டுவது, அவர் அதில் போட்டிருந்தது கேஷைத் துடைக்கும் "ட்ராப் கேஷஸ்". பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் இந்த வருஷம் நான் பார்க்கும் நான்காவது சர்வர் இது. நாலிலும் இதே க்ரான்தான்.

ரேம் நிறைந்தால் நல்லதுதான் ஐயா! 16 ஜிபி போட்ட மெஷினில் ஃப்ரீ கட்டளை கொடுத்தால் "ஃப்ரீ" கட்டத்தில் 300 எம்பிதான் காட்டுகிறது, உடனே பதறிவிடுகிறார்கள். பக்கத்திலேயே பஃப்/கேஷ் 12 ஜிபி என்று இருப்பதைப் பார்ப்பதில்லை. அது டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்த ஃபைல்களை லினக்ஸ் கையோடு வைத்திருக்கும் இடம், வேறு புரோகிராமுக்கு ரேம் வேண்டுமென்றால் அதிலிருந்து உடனே விட்டுக்கொடுக்கும். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் 2014-இலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே கணக்குப் போட்டு "அவைலபிள்" என்று தனியாகத் தருகிறது. பார்க்க வேண்டியது அந்தக் கட்டத்தை. திரும்பவும் சொல்கிறேன், ஃப்ரீ அல்ல, அவைலபிள்.

தம்பியை உட்காரவைத்து ஃபின்கோர் ஓட்டிக் காட்டினேன். எந்த ஃபைலில் எத்தனை பக்கம் (லினக்ஸ் ரேமைப் பிரித்துக் கையாளும் சின்னத் துண்டு) ரேமில் இருக்கிறது என்று சொல்லும் சின்னக் கருவி, யூட்டில்-லினக்ஸ் என்ற அடிப்படைக் கருவித் தொகுப்போடு வருவது. பில்லிங் டேட்டா இருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில், அது பெரிய டேபிளை 1 ஜிபி ஃபைல்களாக வெட்டி வைக்கும், பக்கம் ஒன்று 4 கேபி என்றால் ஒரு ஃபைலுக்கு 2,62,144 பக்கம். விற்பனை டேபிளின் ஃபைலில் அநேகமாக எல்லாப் பக்கமும் ரேமில் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தோம், க்ரான் ஓடியது, மறுபடி கேட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் பக்கத்தில். அடுத்த பில்லுக்கு அத்தனையும் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து சுரண்டி வர வேண்டும். அந்த மெஷினில் போஸ்ட்கிரெஸ் தானே ரேமில் டேட்டா வைத்துக்கொள்ளும் சொந்த பஃபர் வேறு இயல்பாக வரும் 128 எம்பி அளவிலேயே கிடந்தது, அதனால் முழுப் பாரமும் கர்னலின் கேஷ் மேல்தான்.

ட்ராப் கேஷஸ் சோதனைக்கும் பிழை தேடுவதற்கும் வைத்தது, அதைத் தாண்டி வேண்டாம் என்று கர்னல் ஆவணமே சொல்கிறது. டிஸ்குக்கு இன்னும் எழுதாத பக்கத்தை அது தொடாது, ஆகவே டேட்டா போகாது, போவது உங்கள் நேரம்.

க்ரானில் இருந்தால் இன்றைக்கே எடுங்கள். எந்த ஃபைல், எந்தப் பகுதி என்று கண்ணால் பார்க்க விஎம்டச் நிறுவிக்கொள்ளுங்கள், ஃபைலை நீளக் கோடாக வரைந்து ரேமில் இருக்கும் துண்டை நிரப்பிக் காட்டும். சுடோவோடு, அதாவது அட்மின் உரிமையோடு ஓட்டுங்கள், கர்னல் 5.2-இலிருந்து உங்களுக்கு எழுதும் உரிமை இல்லாத ஃபைலைக் கேட்டால் எல்லாமே ரேமில் இருப்பதாகப் பதில் வரலாம், அதை நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவைலபிள் உண்மையிலேயே குறைந்து ஸ்வாப்பும் (ரேம் போதாமல் டிஸ்குக்கு மாற்றி வைப்பது) ஓடிக்கொண்டே இருந்தால், அப்போது புது ரேம் வாங்குங்கள். அதற்கு முன்னால் தயவுசெய்து வேண்டாம்.

மில்லில் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு டீ குடித்து வந்தோம். ஃபின்கோரில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது, மூன்றாவது லாரிக்கு பில் உடனே வந்தது.