நிலைமாறு பொருள்: ‘கட்டம்’ இங்கே எதற்கு?

சூரிய வெப்பத்தைச் சேமிப்பது பற்றித் தமிழில் யார் எழுதினாலும் இப்போது ‘கட்ட மாற்றப் பொருட்கள்’ என்று ஒன்று வந்துவிடுகிறது. முதலில் ஒரு செய்தியில் பார்த்தேன். சரி, அவசரத்தில் போட்டிருப்பார்கள் என்று விட்டேன். அப்புறம் நம்ம குமரி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் கருத்தரங்கப் பதாகையில் வந்தது. மாணவர்களின் செயல்திட்ட அறிக்கைகளில் வந்தது. பதாகையில் ஒற்றையும் விழுங்கி ‘கட்ட மாற்ற பொருட்கள்’ என்றே அடித்திருந்தார்கள். ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “இது என்ன சார், கட்டடத்த மாத்துற சாமானா?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ் தெரிந்தவர் அப்படித்தான் படிப்பார்.

ஆங்கிலத்தில் இது பேஸ் சேஞ்ச் மெட்டீரியல் (phase change material), சுருக்கமாக பி.சி.எம். சூடு ஏறும்போது உருகி, அந்த உருகலுக்குள்ளேயே ஏராளமான வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஆறும்போது திரும்ப உறைந்து அதை வெளியே விடுகிற பொருள். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 334 கிலோஜூல் வேண்டும். அதே ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் போதும். பனி சும்மா உருகுவதற்கு வாங்குகிற வெப்பத்தில் அந்த நீரை 80 டிகிரி வரை கொண்டுபோய்விடலாம் என்று அர்த்தம். உருகி முடியும்வரை தெர்மாமீட்டர் அசையவே அசையாது. 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் கவனித்துச் சொன்னது இது. இந்த வெப்பத்துக்கு நம் பாடநூல்களில் உள்ளுறை வெப்பம் என்று பெயர். அருமையான சொல். அகப்பாட்டில் உள்ளுறை உவமம் படித்த யாரோ வைத்திருக்க வேண்டும். இலங்கையில் மறைவெப்பம் என்பார்கள், அதிலும் குறையில்லை.

நமக்கு இதில் என்ன என்று கேட்டால், ரப்பரிலிருந்தே தொடங்கலாம். பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, மெஷினில் அடித்து எடுத்த ஷீட்டைப் புகைப்புரையில் நாள்கணக்கில் தொங்கவிட்டு, விறகு எரித்துக் காய வைக்கிறார்கள். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் ஷீட் கெடும், குறைந்தால் காயாது. வெயிலில் ஓடும் சூரிய உலர்த்தி பகலில் நன்றாக வேலை செய்யும், ஆனால் பொழுது சாய்ந்தால் நின்றுபோகும். அங்கேதான் பாரபின் மெழுகு வருகிறது. வகையைப் பொறுத்து 50 முதல் 60 டிகிரிக்குள் உருகும் மெழுகு சந்தையில் கிடைக்கிறது. கிலோவுக்கு 200 கிலோஜூல் அளவில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். பகலில் உருகி, இரவில் உறைந்து, அந்த வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும். முட்டத்திலும் குளச்சலிலும் கருவாடு காய வைப்பவர்களுக்கும் வேண்டியது இதே வித்தைதான், இன்னும் சற்றுக் குறைந்த சூட்டில்.

தேங்காய் எண்ணெயும் இந்த இனம். 24 டிகிரி அளவில் உறைகிறது. மார்கழியில் மலையோரத்து வீடுகளில் விடியற்காலை பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் இறங்காது, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்த பிறகுதான் இளகும். ஆனால் இதை வைத்து ரப்பர் உலர்த்த முடியாது. வேண்டிய சூட்டில் உருகினால்தான் பயன்.

இனி சொல்லுக்கு வருவோம். ‘பேஸ்’ என்பது கிரேக்கத்திலிருந்து வந்தது. தோற்றம், தென்படுதல் என்று பொருள். முதலில் நிலாவின் தோற்றங்களுக்குத்தான் ஆங்கிலத்தில் பயன்பட்டது. அதை வெப்ப இயக்கவியலுக்குள் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் அமெரிக்கரான வில்லார்டு கிப்ஸ், 1870களில். வேர்க்கதை அவ்வளவுதான், அதில் நமக்குச் சண்டை இல்லை.

சண்டை தமிழில்தான். அந்த ஒரே ஆங்கிலச் சொல் இடத்துக்கு இடம் வேறு வேறு வேலை பார்க்கிறது. நிலாவுக்கு வந்தால் நாம் பிறை என்றும் கலை என்றும் சொல்கிறோம். மின்சாரத்துக்கு வந்தால் மும்முனை இணைப்பு. தேர்தலுக்கும் பாலம் கட்டுவதற்கும் வந்தால் முதற்கட்டம், இரண்டாம் கட்டம். இப்படிப் பிரித்துப் பிரித்து ஆளத் தெரிந்த மொழியில், அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்ட ‘கட்டம்’ என்பதைத் தூக்கி மெழுகின் தலையில் வைத்துவிட்டார்கள்.

கட்டம் கட்டமாக நடப்பது முன்னால் மட்டுமே போகும். முதற்கட்டத் தேர்தல் முடிந்தால் இரண்டாம் கட்டம். மறுநாள் திரும்ப முதற்கட்டத்துக்கு யாரும் வருவதில்லை. மெழுகோ தினமும் காலையில் உருகிச் சாயங்காலம் உறைகிறது. போவதும் வருவதும்தான் அதன் உத்தியோகம்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் இன்னொன்று உண்டு. ‘கட்டம்’ இயற்பியலில் ஏற்கெனவே குடியிருக்கிற சொல். மேல்நிலை வகுப்புப் பாடத்தில் அலைகளைப் படித்தவர்களுக்குக் ‘கட்ட வேறுபாடு’ தெரியும், அதாவது இரண்டு அலைகள் ஏறி இறங்குவதில் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின் என்பது. அலை ஒன்று எதிரொளிக்கும்போது அதற்குக் கட்ட மாற்றம் உண்டாகலாம் என்றும் படித்திருப்பார்கள். அங்கே அது சரியான சொல்தான், பல காலமாக இருக்கிறது. அப்படியிருக்க, கட்ட மாற்றப் பொருள் என்றால் இயற்பியல் மாணவன் என்ன நினைப்பான்? ஒளி அலையின் கட்டத்தை மாற்றும் ஏதோ ஒரு கண்ணாடித் தகடு என்றுதான் நினைப்பான். அப்படிப்பட்ட தகடுகளும் நிஜமாகவே இருக்கின்றன. படிக்காதவருக்குக் கட்டடம், படித்தவருக்குக் கண்ணாடி. மெழுகு மட்டும் யார் மனதிலும் வராது.

இதை ஒரு பேராசிரியரிடம் சொன்னபோது அவர் சளைக்கவில்லை. “ஸ்டேட் வேறு, பேஸ் வேறு. ஸ்டேட்டுக்கு நிலை என்று வைத்தாகிவிட்டது. பேஸுக்கும் நிலை என்றால் குழப்பம் வராதா?” என்றார். நியாயமான கேள்வி. எண்ணெயும் நீரும் ஒரே பாத்திரத்தில் பிரிந்து நிற்கின்றன. இரண்டும் நீர்மம்தான், ஆனால் கிப்ஸின் கணக்கில் எல்லையோடு பிரிந்து நிற்கும் ஒவ்வொரு சீரான பகுதியும் ஒரு பேஸ், ஆகவே அவை இரண்டு பேஸ். இரும்பை 912 டிகிரிக்குச் சூடாக்கினால் உருகாமலே அதன் அணுக்களின் அடுக்கு மாறுகிறது. திண்மம் திண்மமாகவே இருக்க, பேஸ் மாறிவிடுகிறது. ஆகவே எல்லா இடத்திலும் நிலை என்று போட்டால் ஓரிடத்தில் இடிக்கும் என்பது உண்மை.

ஆனால் அந்த இடிக்கு மருந்து கட்டம் ஆகாது. எண்ணெய் ஒரு கட்டம், நீர் ஒரு கட்டம் என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நோட்டில் சதுரம் போடுவார்கள். எத்தனை பேஸ் சேர்ந்து நிற்கலாம் என்று சொல்லும் கிப்ஸின் விதியை வகுப்பில் நடத்துகிறவர்களுக்குத் தனிச்சொல் தேவைதான். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘அவத்தை’ என்று வைத்திருக்கிறார்கள். வடசொல்தான், ஆனாலும் தேர்தலோடு மோதவில்லை. நம் பக்கம் அதைக் கொண்டுவந்தால் ஒரே சிக்கல், நமக்கு அவஸ்தை என்றால் படுவது. ‘அவத்தை மாற்றப் பொருள்’ என்றால் வலி நிவாரணி என்று நினைத்தாலும் நினைப்பார்கள். வேதியியல் வகுப்புக்குள் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

வெப்பச் சேமிப்புக்கு அந்த நுணுக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. இங்கே பேசுவது பெரும்பாலும் திண்மம் உருகி நீர்மமாவதும் நீர்மம் உறைந்து திண்மமாவதும். அதற்குப் பள்ளிப் பாடமே ‘நிலைமாற்றம்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறது. நில் என்ற வினையிலிருந்து பிறந்தது நிலை. ‘நிலையின் திரியாது’ என்று குறளிலேயே நிற்கிறது. உருகாமல் அணுவடுக்கு மட்டும் மாறினாலும் ‘திண்மத்துக்குள் நிலைமாற்றம்’ என்று சொன்னால் புரியாமலா போகும்? எப்படி நிற்கிறதோ அது நிலை.

அந்தக் குறளை வைத்தே ஒரு தனித்தமிழ் அன்பர் ‘நிலைதிரி பொருள்’ என்று வைக்கலாமே என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு நம் வீடுகளில் திரிவது பால் மட்டும். திரிந்துவிட்டது என்றால் கெட்டுவிட்டது. விற்கப்போகும் பொருளுக்கு அந்தப் பெயர் ஆகுமா? இன்னொருவர் சொன்னது ‘உறைபொருள்’. அது பாதி வேலையைத்தான் சொல்கிறது. தவிரவும், நம்ம ஊரில் உறைதல் என்றால் ரப்பர் பாலும் தயிரும். அவை ஒருமுறை உறைந்தால் உறைந்ததுதான், சூடாக்கித் திரும்பப் பாலாக்க முடியாது.

நிலைமாற்றப் பொருள் என்றே விட்டுவிடலாமா? விடலாம், தவறில்லை. ஆனாலும் எனக்கு அதில் சிறு நெருடல். எதையோ நிலை மாற்றுகிற பொருள் என்றும் அதைப் படிக்க இடமிருக்கிறது. மாறுவது அந்தப் பொருள்தானே? அதனால் என் வாக்கு ‘நிலைமாறு பொருள்’ என்பதற்கு. வினைத்தொகை. சுடுசோறு, ஊறுகாய் மாதிரி முக்காலமும் உள்ளே அடங்கும்: நேற்று நிலைமாறிய, இன்று மாறுகிற, நாளை மாறும் பொருள். ஆயிரம் தடவை உருகி உறைய வேண்டிய ஒன்றுக்கு இதைவிடப் பொருந்திய இலக்கணம் எது? கூடுதல் வசதி ஒன்றும் உண்டு. வினைத்தொகையில் வல்லெழுத்து மிகாது. ஒற்றை விழுங்கும் பதாகைக்காரர்களாலும் கணினி மொழிபெயர்ப்பாலும் இதைக் கெடுக்க முடியாது.

தவறான சொல் விஷயத்தையே எப்படி மறைத்துவிடும் என்பதற்கு ஓர் உதாரணம். 1948இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டோவர் என்ற ஊரில் மரியா டெல்கெஸ் என்ற அறிவியலாளர், எலினார் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து, வெயிலை மட்டும் நம்பிய வீடு ஒன்றை அமைத்தார். 32 டிகிரிப் பக்கம் உருகும் கிளாபர் உப்பை (நீர் சேர்ந்த சோடியம் சல்பேட்) டிரம்களில் நிரப்பி, பகல் வெயிலை அதில் சேமித்து இரவில் அறைகளைச் சூடாக்கும் ஏற்பாடு. சில குளிர்காலம் ஓடியது, அப்புறம் படுத்துவிட்டது. உருகும்போது உப்பின் ஒரு பகுதி நீரை விட்டுவிட்டு அடியில் படிந்தது. மேலே கரைசல், கீழே வண்டல். திரும்ப உறையும்போது பழையபடி சேரவில்லை. இந்தக் கோளாறைத் தமிழில் விளக்கிய ஒரு கட்டுரை ‘கட்டப் பிரிவினை காரணமாக வீடு தோல்வியடைந்தது’ என்று எழுதியிருந்தது. அண்ணன் தம்பி பாகப் பிரிவினை மாதிரி! உப்பு அடியில் படிந்து பிரிந்தது என்றால் முடிந்தது. ‘பேஸ்’ என்ற சொல்லே அங்கே வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் பலரிடம் இந்தப் பழக்கம்தான் கோபமூட்டுகிறது. பொருளைப் பார்க்காமல் சொல்லைப் பார்க்கிறார்கள். மெழுகுக்குள் வெப்பம் சுலபமாக ஊடுருவாது. அதன் கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்கு 0.2 வாட் அளவுதான், செம்புக்கு ஏறத்தாழ 400. அதனால் மெழுகுக்குள் கிராபைட்டைக் கலக்கிறார்கள், உலோக நுரையை வைக்கிறார்கள், மெல்லிய தகடுகளைச் செருகுகிறார்கள். இந்தத் தகட்டுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபின்’ (fin), மீனின் துடுப்புக்கும் அதே சொல். நம் ஆள் அதைத் ‘துடுப்பு’ என்று எழுதுகிறார். மெழுகுத் தொட்டிக்குள் துடுப்பு என்றால் குளச்சல்காரர் படகைத் தேடமாட்டாரா? தகடு என்று எழுதினால் கை வலிக்குமா? காற்றையும் நீரையும் சேர்த்துச் சொல்லப் பாய்மம் என்ற நல்ல சொல் இருக்க, ‘வேலை செய்யும் திரவம்’ என்கிறார்கள், குழாயில் ஓடுவது காற்றாக இருந்தாலும். ஹீட் டிரான்ஸ்பர் என்ற துறையின் பெயரே ‘வெப்ப மாற்றம்’ என்று அலைகிறது; வெப்பம் வேறு ஏதோவாக மாறுகிறதா என்ன? வெப்பப் பெயர்ச்சி என்று சொல்லிப் பார்க்கலாம். சனிப்பெயர்ச்சி ஞாபகம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், இடம்விட்டு இடம் போவது என்பது உடனே புரியும்.

“எந்தச் சொல்லானாலும் பழகினால் சரியாகிவிடும்” என்பார்கள். வெப்பச்சலனத்தை உதாரணம் காட்டுவார்கள். வானிலை அறிக்கை கேட்டுக் கேட்டு இன்று டீக்கடையிலும் அந்தச் சொல் புழங்குகிறது. புழங்குவதற்குக் காரணம் சலனம் என்ற சொல்லுக்குள்ளேயே அசைவு இருப்பது. சூடான காற்று மேலே எழும்புகிறது என்பதைக் காது பாதி பிடித்துக்கொள்கிறது. கட்டத்துக்குள் மெழுகு எங்கே இருக்கிறது?

எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. பன்மை வேண்டுமென்றால் நிலைமாறு பொருள்கள் என்று எழுதுங்கள். பொருட்கள் என்று எழுதுவோரோடு எனக்குத் தனியாக ஒரு வழக்கு இருக்கிறது, அது நாள்கள், நாட்கள் வரை நீளும்.