வில்லன்: சொல் விளக்கம்

வில்லன்: பெயர்ச்சொல், ஆண்பால். பெண்பால் வில்லி, பன்மை வில்லன்கள். கதையில் நாயகனுக்கு எதிராக நின்று தீமை செய்யும் பாத்திரம் என்று பொருள் சொல்வார்கள். இந்த ஒரு வரிக்குள் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: எதிராக நிற்பது ஒன்று, தீமை செய்வது மற்றொன்று. நல்ல தமிழில் இதற்கு ஈடுசொல் தேடுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த ஒட்டைப் பிரிக்காததால்தான்.

முதலில் பிறப்பு. இலத்தீனில் 'வில்லா' என்றால் நாட்டுப்புறப் பண்ணை வீடு; சுற்றியுள்ள நிலமும் அதில் சேர்த்தி. பிற்கால இலத்தீனில் அந்தப் பண்ணையில் உழைத்தவன் 'வில்லானுஸ்'. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நார்மானியர் இங்கிலாந்தை வென்று, 1086இல் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கில் 'வில்லானி' என்று குறிக்கப்பட்டவர்களே பதிவான மக்களில் மிகப் பெரிய பிரிவினர். திருட்டுக்கும் கொலைக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. பிரபுவின் நிலத்தில் உழுது, அவருக்குக் கூலியில்லா வேலையும் செய்து பிழைத்த குடியானவர்கள். (விளம்பரங்களில் விற்கும் சொகுசு 'வில்லா'வும் இதே வேர்தான்.)

அந்தக் குடியானவன் எப்படிக் கொடியவன் ஆனான்? பெயர் வைத்தவர்கள் மாளிகையில் இருந்தார்கள். அவர்கள் வாயில் 'பண்ணையாள்' என்பது 'நடைமுறை தெரியாதவன்' ஆகி, பிறகு 'கீழ்மகன்' ஆகி, கடைசியில் 'அயோக்கியன்' என்று நின்றது. கதையின் ஓட்டத்தைத் தன் தீய நோக்கத்தால் நகர்த்தும் பாத்திரம் என்ற இன்றைய பொருள் ஆங்கிலத்தில் நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டில்தான். இடையில் ஆங்கிலமே எழுத்துக்கூட்டலை மாற்றி, குடியானவனைக் குறிக்க ஒரு வடிவமும் கெட்டவனைக் குறிக்க இன்னொரு வடிவமும் வைத்துக்கொண்டது.

சமூகப் படிநிலையைக் குறித்த சொல் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொல்லாக மாறுவது தமிழுக்கும் புதிதல்ல. நகரிலிருந்து 'நாகரிகம்' வந்தது, 'பட்டிக்காடு' வசவாயிற்று, மேன்மக்கள், கீழ்மக்கள் என்று பண்பையே உயரத்தால் அளந்தோம். இந்த வழக்கத்தின் பிடரியைப் பிடித்த குறளும் இருக்கிறது: 'மேலிருந்தும் மேலல்லார் மேலல்லர் கீழிருந்தும் கீழல்லார் கீழல் லவர்' (973). இருக்கும் இடம் வேறு, குணம் வேறு என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

தமிழுக்குள் வந்த 'வில்லன்' இங்கே ஒட்டிக்கொண்டதற்கு அதன் ஓசையும் ஒரு காரணம். -அன் என்று முடிவதால் கள்ளன், கொல்லன் வரிசையில் இயல்பாக உட்கார்ந்தது. கள்ளனுக்குக் கள்ளி என்பதுபோல் வில்லனுக்கு வில்லி தானே பிறந்தது. இந்தப் பெண்பால் ஆங்கிலத்திலிருந்து வரவில்லை, தமிழ் விகுதி செய்த வேலை. இதில் ஒரு விபத்தும் உண்டு. தமிழிலேயே வில் + அன் = வில்லன், அதாவது வில்லை உடையவன்; வில்லி என்றாலும் வில்லாளிதான். பழம்பாடலில் 'வில்லி' என்று வந்தால் கெட்ட பெண் என்று படித்துவிடக் கூடாது. வில்லை ஏந்தியதால் அந்தப் பெயர் என்று சினிமா வில்லனுக்கு விளக்கம் சொல்வது ஓசை ஒற்றுமையை வேராக எடுத்துக்கொள்ளும் பிழை.

இனி ஈடுசொற்கள். பிரித்துப் பார்த்தால் முதல் கூறு, எதிராக நிற்பது. ஐரோப்பிய நாடக இயலில் இதற்குத் தனிச்சொல் உண்டு: 'ஆன்டகனிஸ்ட்'. போட்டி என்று பொருள்படும் 'அகோன்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எதிர்ப் போட்டியாளன் என்பதற்கு மேல் அதில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. வடமொழி நாடக நூலான தசரூபகம் 'பிரதிநாயகன்' என்கிறது. ஆனால் அதன் இலக்கணத்தில் பேராசை, செருக்கு, பிடிவாதம், பாவச் செயல், தீய பழக்கம், பகைமை எல்லாம் அடுக்கப்படுவதால், சொல் நடுநிலையாக இருந்தும் பொருள் வில்லன் பக்கம் சாய்கிறது. அங்கேயும் அவன் வீரம் உள்ளவன் என்பதை மறக்கவில்லை. கோழை பிரதிநாயகன் ஆக முடியாது. தண்டி எழுதிய வடமொழி அணியிலக்கண நூலான காவியாதர்சம் இன்னும் ஒரு படி போய், பகைவனின் குலத்தையும் வீரத்தையும் கல்வியையும் புகழ்ந்துவிட்டு அவனை வெல்ல வைத்தால் தலைவனின் உயர்வு மேலும் துலங்கும் என்கிறது. கம்பன் இராவணனிடம் செய்தது அதைத்தான். தோற்று ஊர் திரும்பும் இடத்தில்கூட, யானையோடு பொருத மார்பு, மலையை எடுத்த தோள், நாரதர் ஏற்கப் பாடிய நா என்று பெருமைகளை அடுக்கிய பிறகே 'வெறுங்கையோடு' அனுப்புகிறான்.

பழந்தமிழில் எதிரியைக் குறிக்கும் சொற்களைப் பார்த்தால் ஒரு நேர்த்தி தெரியும். ஒன்னார், நள்ளார், நண்ணார், பொருந்தார், கேளார்: எல்லாம் எதிர்மறைச் சொற்கள். ஒன்றாதவர், நட்புக் கொள்ளாதவர், நெருங்காதவர், பொருந்தாதவர், உறவல்லாதவர். நம்மோடு சேரவில்லை என்பது மட்டுமே செய்தி. அவர் நல்லவரா கெட்டவரா என்ற தீர்ப்பு சொல்லில் இல்லை. போர்க்களத்தில் எதிரே நிற்பவனைத் தீயவன் என்று எண்ணியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அந்தக் கவிஞர்களுக்கு இருக்கவில்லை.

இரண்டாம் கூறு, தீமை. இங்கே தமிழில் சொற்பஞ்சம் இல்லை. தவறாகத் தேர்ந்தெடுப்பதே சிக்கல். தீயவன் செயலால் அறியப்படுபவன். வஞ்சகன் முறையால்: ஏமாற்றித்தான் கெடுப்பான், நேரே மோதுகிறவனுக்கு இந்தச் சொல் பொருந்தாது. துரோகி என்றால் முன்னே ஒரு நம்பிக்கை இருந்து அது முறிந்திருக்க வேண்டும். முன்பின் தெரியாதவன் துரோகி ஆக முடியாது. கொடியவனில் உள்ள 'கொடு' வளைவைக் குறிப்பது. செங்கோலுக்கு எதிரே கொடுங்கோல் நிற்பது அதனால்தான். ஆகவே அதிகாரத்தைக் கையில் வைத்து நேர்மையை வளைப்பவனுக்கு அது மிகவும் பொருந்தும். கயவன் என்பது குணத்தையே சொல்வது. கயமை என்று குறளில் ஓர் அதிகாரமே (108) உண்டு. அதன் முதல் குறள் 'மக்களே போல்வர் கயவர்' என்று தொடங்கி, இப்படி ஓர் ஒப்புமையைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்று வியக்கிறது. கெட்டவனைத் தோற்றத்தில் கண்டுபிடிக்க முடியாது என்பது கருத்து. கன்னத்துத் தழும்பையும் சிவந்த கண்ணையும் அடையாளமாகக் காட்டும் கதைகள் இந்த இடத்தில் எளிதான வழியைப் பிடிக்கின்றன.

இரண்டு கூறுகளும் ஒரே ஆளிடம் சேர்ந்தால்தான் வில்லன். சீவக சிந்தாமணியின் கட்டியங்காரன் அப்படி: தன்னை நம்பி ஆட்சியை ஒப்படைத்த மன்னன் சச்சந்தனைக் கெடுத்தவன், அந்த மன்னனின் மகனும் காப்பியத் தலைவனுமான சீவகனுக்கு எதிரே நிற்பவனும் அவனே. சிலப்பதிகாரம் இரண்டையும் வெட்டிப் பிரித்துவிட்டது. சிலம்பைத் திருடிப் பழியைக் கோவலன்மேல் போட்ட பொற்கொல்லன் கயவன், வஞ்சகன். ஆனால் கண்ணகிக்கு எதிரே அவையில் நிற்பவன் அவன் அல்லன். எதிரே இருப்பவன் பாண்டியன் நெடுஞ்செழியன். பிழை தெரிந்த கணத்தில் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று விழுந்து உயிர் விடுகிறவனை எந்தக் கணக்கில் வில்லன் என்பது? கும்பகருணனும் அப்படித்தான்: சீதையை விட்டுவிடு என்று அண்ணனுக்கு அறிவுரை சொன்னவன், அது எடுபடாதபோது அவனுக்காகவே போருக்குப் போகிறான். எதிர்ப்பாத்திரம், தீயவன் அல்லன்.

எழுதும்போது இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். கதையிலிருந்து ஆளின் குணத்தை நீக்கிவிட்டு, நாயகனின் நோக்கத்தை இவர் தடுக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் எதிர்த்தலைவர் அல்லது எதிர்ப்பாத்திரம். தடுப்பது புயலோ நோயோ ஊர்க்கட்டுப்பாடோ என்றால் 'எதிர்ச்சக்தி' போதும். அங்கே வில்லன் என்று எழுதினால் மனித நோக்கம் ஒன்று தேவையில்லாமல் நுழைந்துவிடும். அடுத்து, வேண்டுமென்றே கேடு செய்கிறாரா என்று கேளுங்கள். செய்கிறார், ஆனால் கதையின் மையப் போட்டியில் இல்லை என்றால் மேலே சொன்ன தீமைச் சொற்களில் முறைக்கு ஏற்றது ஒன்று. இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் வில்லன். அதற்குத் தனித்தமிழ் வேண்டுமென்றால் 'தீய எதிர்த்தலைவன்' என்று இரண்டு சொல்லில் எழுதுவதே தெளிவு. 'கயவன்' என்று மட்டும் போட்டால் கதையில் அவன் இடம் தெரியாமல் போகும்.

'எதிர்நாயகன்' என்ற சொல் மட்டும் எச்சரிக்கைக்குரியது. சிலர் அதை வில்லனுக்கு எழுதுகிறார்கள். சிலர் 'ஆன்டி ஹீரோ'வுக்கு எழுதுகிறார்கள். பின்னவர் கதையின் நாயகரே. நாயகருக்கு எதிர்பார்க்கும் பண்புகள்தான் அவரிடம் இல்லை. ஒரே கட்டுரையில் இரண்டு பொருளிலும் வந்தால் வாசகர் யார் யாருக்கு எதிரி என்று தேட வேண்டியிருக்கும். பின்னவருக்குக் 'குறையுள்ள நாயகன்' என்று வெளிப்படையாக எழுதிவிடலாம்.

'வில்லத்தனம்' கள்ளத்தனத்தைப் பார்த்து உருவான வடிவம். பேச்சில் நன்றாக வேரூன்றிவிட்டது, எழுத்திலும் தயங்க வேண்டியதில்லை. பத்திரப் பதிவில் வரும் 'வில்லங்கம்' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. சொத்தின் மேலுள்ள கடன், வழக்கு முதலிய பிணைப்புகளைக் குறிக்கும் தனிச்சொல் அது.