துபாய் என்று எழுதிய மனு அல் ஐனுக்குப் போகாது: வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கான தூதரக உதவிகள்

கொங்கு மாவட்டம் ஒன்றின் ஆட்சியர் அலுவலக வாசலில், ஒரு திங்கட்கிழமை குறைதீர் நாளன்று, மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். நான் மனு எழுதிக் கொடுப்பவன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். "என்ற பையன் பேசிப் பதினஞ்சு நாளாச்சுங்க, துபாய்ல இருக்கறானுங்க" என்றார். பைக்குள் ஏற்கெனவே கொடுத்த மூன்று மனுக்களின் நகல்களும், வாட்ஸப்பில் வந்ததை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்ததில் எண் கூடச் சரியாகத் தெரியாத பாஸ்போர்ட் முதல் பக்கமும் இருந்தன. பையன் அனுப்பிய பழைய புகைப்படங்களில் ஒன்றின் பின்னணியில் இருந்த பெயர்ப்பலகையைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான், அவன் இருக்கும் ஊர் துபாய் அல்ல, அல் ஐன் என்று தெரிந்தது. மூன்று மனுக்களிலும் துபாய் என்றே எழுதப்பட்டிருந்தது.

வெளிநாடுகளில் உள்ள இந்தியத் தூதரகங்களும் துணைத் தூதரகங்களும் பாஸ்போர்ட் புதுப்பிப்பதோடு, சம்பளம் கிடைக்காதவர், அடைத்து வைக்கப்பட்டவர், இறந்தவர் ஆகியோருக்கு உதவவும் கடமைப்பட்டவை. இதற்கென 2009 இல் இந்தியச் சமூக நல நிதி ஏற்படுத்தப்பட்டது. புகார்களை வாங்க 2015 இல் மதாத் என்ற இணையதளம் திறக்கப்பட்டது. பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் சிக்கல் எல்லை பற்றியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அபுதாபியும் அல் ஐனும் அபுதாபியில் உள்ள தூதரகத்தின் பொறுப்பில் வருகின்றன. துபாய், சார்ஜா, அஜ்மான் முதலியவை துபாய் துணைத் தூதரகத்தின் பொறுப்பில் வருகின்றன. சவூதியில் மேற்குப் பகுதிக்கு ஜெத்தா துணைத் தூதரகம், மற்ற பகுதிகளுக்கு ரியாத் தூதரகம். கோவையிலிருந்து சார்ஜா விமானத்தில் ஏறியவர் எங்கே வேலை செய்தாலும், நம் ஊரில் அவர் 'துபாய்க்காரர்' ஆகிவிடுகிறார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போகும் திருச்செங்கோட்டுப் பக்கத்துத் தொழிலாளர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்; அங்கே ஒரே தூதரகம் அண்டை நாடுகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது உண்டு என்பதால், வேலை செய்யும் நாட்டிலேயே தூதரகம் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எந்தத் தூதரகம் என்பதைப் புறப்படும் முன்பே கேட்டு, வீட்டு நாட்காட்டியின் பின்புறத்திலாவது எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது சிக்கல் விசா. ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈ.சி.ஆர்., அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற முத்திரை இருக்கும். அவர் வளைகுடா நாடுகள், மலேசியா, ஜோர்டான் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியோடுதான் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் வருகிறது: இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய் பிரீமியம், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். ஆனால் சுற்றுலா விசாவில் போகிறவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஏஜென்ட் நுழையும் சந்து அதுதான். "அங்க போயி விசா மாத்திக்கலாம்" என்ற ஒரே வாக்கியத்தில் அனுமதி, காப்பீடு, ஒப்பந்தம் மூன்றும் போய்விடுகின்றன. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா செல்லலாம் என்றானதும், ஓட்டல் வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்கு விசா வாங்கும் வேலையும் மிச்சமாயிற்று. முப்பத்தோராம் நாள் அந்தத் தொழிலாளி குற்றவாளி ஆகிவிடுகிறார். கம்ப்யூட்டர் படித்தவர்கள் இது தங்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். தாய்லாந்தில் வேலை என்று அழைக்கப்பட்டு, எல்லை தாண்டி மியான்மரின் இணைய மோசடிக் கூடங்களில் மாட்டிக்கொண்ட ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்களை 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில்தான் மீட்டுவர வேண்டியிருந்தது.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். பனியன் கம்பெனி வாசல் டீக்கடையில் கையில் எண்ணிக் கொடுத்த பணத்துக்குப் பின்னால் எந்த அலுவலகமும் சாட்சி சொல்லாது.

அடுத்தது, முதலாளி வாங்கி வைத்துக்கொண்ட பாஸ்போர்ட். 1967 ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. அதைப் பூட்டி வைக்க எந்தக் கம்பெனிக்கும் உரிமை இல்லை. இருந்தாலும் அதைக் கையில் வைத்திருப்பவர் முதலாளிதான் என்பதால், தூதரகம் ஒரு வழிப் பயணத்துக்கான அவசரச் சான்றிதழை வழங்குகிறது. இதைப் பெற்றுவிட்டால் உடனே விமானம் ஏறலாம் என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள். முடியாது. அந்த நாட்டிலிருந்து வெளியேறும் அனுமதி தனியாக வேண்டும். விசா முடிந்த பிறகு தங்கிய நாட்களுக்கான அபராதம் நிலுவையில் இருக்கும். சவூதியில் முதலாளி 'ஹுரூப்', அதாவது வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று புகார் பதிந்திருந்தால், அது தீரும்வரை தொழிலாளி அசைய முடியாது. ஆகவே சம்பளம் வரவில்லை என்றால் வெளியே ஓடிப்போய் வேறு வேலை தேடுவதற்கு முன், தூதரகத்திலும் அங்குள்ள தொழிலாளர் அலுவலகத்திலும் புகார் பதிந்துவிட வேண்டும். யார் புகார் முதலில் பதிவாகிறது என்பது பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்துகிறது.

சமூக நல நிதியைப் பற்றி அலுவலர்கள் பேசும்போது அது ஏதோ தருமம் போலத் தொனிக்கும். தூதரகச் சேவைகளுக்கு நம்மவர்கள் கட்டும் கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கப்படும் பணம்தான் அது. தங்குமிடம், உணவு, ஊர் திரும்ப டிக்கெட், அவசர மருத்துவம், சட்ட உதவி, உடலைக் கொண்டுவரும் செலவு ஆகியவற்றுக்கு அதிலிருந்து உதவலாம். ஆனால் வசதியற்றவர்களுக்கு மட்டும். இங்கேதான் இழுத்தடிப்பு. முதலில் முதலாளி தரட்டும் என்று அவருக்குக் கடிதம் போகும், பதில் வராது, மறுபடியும் கடிதம் போகும். எனவே மனுவின் முதல் பத்தியிலேயே, முதலாளி மறுத்துவிட்டார் அல்லது பதில் தரவில்லை என்பதைத் தேதியோடும், குடும்பத்துக்குச் செலவு செய்ய வழியில்லை என்பதை வருமானச் சான்றிதழோடும் எழுதிவிட வேண்டும்.

மரணம் நேர்ந்த வீட்டில் இதைப் பேசுவது கடினம்தான். ஆயினும் முதல் நாளே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: உடலை ஊருக்கு அனுப்பவா, அங்கேயே அடக்கம் செய்யவா என்ற குடும்பத்தின் சம்மதக் கடிதம். வாரிசுச் சான்றிதழ் வந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பலாம் என்று தாலுகா அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வாரிசுச் சான்றிதழ் பாக்கிச் சம்பளத்துக்கும் இழப்பீட்டுக்கும் வேண்டும். உடலை அனுப்பச் சம்மதக் கடிதமே முதலில் வேண்டும்.

அந்த நேரத்தில் மனைவிக்கு இன்னொரு அடி காத்திருக்கும். திருமணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் துணைவர் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் ஊருக்கே பந்தி போட்டிருப்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்க மாட்டார்கள். ஆதாரில் 'ப. செல்வி', குடும்ப அட்டையில் 'செல்வி பழனிசாமி', கணவர் பாஸ்போர்ட்டில் ஒன்றுமே இல்லை என்றால், இவர்தான் மனைவி என்பதை மேசை மேசையாக நிரூபிக்க வேண்டியிருக்கும். நம் இனிஷியல் வழக்கம் வேற்று நாட்டு எழுத்தருக்குப் புரியாது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. கல்யாணத்தைப் பதிவு செய்து, கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டில் மனைவி பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாள் அங்கிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து தில்லிக்கும், தில்லியிலிருந்து தூதரகத்துக்கும் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகிறது. அதே நாளில் மதாத் தளத்திலும் பதிந்து, அந்தப் பதிவு எண்ணை ஆட்சியர் மனுவிலும் எழுதுங்கள். "தகவல் போதவில்லை" என்ற ஒரு வரியோடு புகாரை மூடிவிட முடியாதபடி, கம்பெனியின் முழுப்பெயர், விசா நகல், அடையாள அட்டை எண், தங்குமிடத்தின் லொகேஷன், அறைத் தோழர் ஒருவரின் எண் ஆகியவை மனுவில் இருக்க வேண்டும். கம்பெனி பெயரைக் கேட்டால் "பெரிய கம்பெனிங்க" என்ற பதிலே எனக்குப் பெரும்பாலும் கிடைக்கிறது. இணையம் கைவராதவர்கள் 1800 11 3090 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

ஏஜென்ட் மீது புகார் கொடுக்கப் போனால், மத்திய அரசு அனுமதி இல்லாமல் குடிபெயர்வுச் சட்டத்தில் வழக்குத் தொடர முடியாது என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்புவார்கள். அதே சட்டத்தின் 27 ஆம் பிரிவில், பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை என்று இருக்கிறது. பிரிவு எண்ணை மனுவிலேயே எழுதி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

தூதரகங்கள் தொலைவான ஊர்களில் விடுமுறை நாட்களில் முகாம் நடத்துகின்றன. குறை கேட்கும் 'ஓப்பன் ஹவுஸ்' கூட்டங்களும் நடக்கின்றன. முகாமில் பெரும்பாலும் பாஸ்போர்ட், சான்றொப்பம் போன்ற வேலைகள்தான் நடக்கும். சம்பளப் பாக்கிக்கு ஓப்பன் ஹவுஸ்தான் இடம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டு முகாமில் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் ஏராளம். எதற்குப் போனாலும் பிரச்சினையை ஒரே தாளில் எழுதி, இரண்டு நகல் கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்க வேண்டும்.

அந்தத் தாயின் மனுவை அன்று மாலையே அபுதாபி தூதரகத்தின் பெயருக்கு, பாஸ்போர்ட்டின் தெளிவான நகல் ஒன்றைத் தேடி எடுத்துப் பதிந்தோம். நான்காம் நாள் பையன் வேறொருவர் போனிலிருந்து பேசினான். பாக்கிச் சம்பளம் இன்னும் வரவில்லை. அதற்கான மனு தனியாக நடந்துகொண்டிருக்கிறது.