வியூகப் பங்காளியா, தோழமை நாடா?

டென்மார்க் இந்தியாவின் 'பசுமை வியூகப் பங்காளி'யாம். செய்தி வாசிப்பவர் தடுமாறாமல் சொல்லிவிட்டு வானிலைக்குப் போய்விட்டார். இதே சொல்லை ஆஸ்திரேலியாவுக்கும் பிரான்சுக்கும் ஜப்பானுக்கும் ஒட்டியபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாயிற்று. பசுமையையும் சேர்த்து ஒட்டிய பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

மூலம், ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராட்டஜிக் பார்ட்னர்ஷிப்'. தமிழ்நாட்டு நாளிதழ்களில் இது வியூகக் கூட்டாண்மை, உத்திசார் கூட்டாண்மை, ராஜதந்திரக் கூட்டாண்மை என்று பல வேடங்களில் வருகிறது. 'கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த கூட்டு' என்றுகூட ஒரு வேடம் உண்டு. இலங்கை இதழ்களில் மூலோபாயப் பங்காளித்துவம்.

சொல்லின் பிறப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கிரேக்கத்தில் 'ஸ்ட்ராட்டோஸ்' என்றால் படை, 'அகேயின்' என்றால் நடத்துதல். இரண்டும் சேர்ந்து படைத்தலைவனைக் குறிக்கும் 'ஸ்ட்ராட்டேகோஸ்' வந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ப் படை நடத்தும் கலையைக் குறித்தது. பிறகு வணிகம், விளையாட்டு, அரசியல் என்று எங்கும் பரவி, 'குறுகிய லாபத்தைப் பார்க்காமல் நீண்டகாலத்தைக் கருதிச் செய்வது' என்ற பொருளில் வந்து நின்றது. இரண்டு நாடுகள் 'ஸ்ட்ராட்டஜிக்' உறவு என்று கையெழுத்துப் போடும்போது அந்தச் சொல் செய்யும் வேலை இந்தக் கடைசிப் பொருள்தான்.

இப்போது வியூகத்துக்கு வருவோம். வியூகம் என்றால் படையணி. சக்கர வியூகம், பத்ம வியூகம், கருட வியூகம் என்று பாரதக்கூத்து பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். அபிமன்யுவுக்கு உள்ளே போக வழி தெரிந்தது, வெளியே வரத் தெரியவில்லை. ஆக வியூகத்துக்கு எதிரே ஓர் எதிரி நிற்க வேண்டும். 'தேர்தல் வியூகம்' என்று எழுதினால் எனக்கு மறுப்பில்லை, அங்கே எதிர்க்கட்சி இருக்கிறது. கிரிக்கெட்டிலும் சரி. 2020 செப்டம்பர் 28 அன்று மோடியும் டென்மார்க் பிரதமர் மெட்டே ஃபிரெடெரிக்சனும் காணொளி வழியே பேசி அறிவித்தார்களே, அந்த உறவில் எதிரி யார்? கரியமில வாயுவா?

அந்த அறிவிப்பில் என்ன இருந்தது என்று பார்த்தால் சொல்லின் பொருத்தமின்மை இன்னும் தெளிவாகத் தெரியும். காற்றாலை, குடிநீர், கழிவுநீர், நகர வளர்ச்சி, கப்பல், உணவு பதப்படுத்தல், இவை போன்றவைதான். 1991இலேயே விண்டபி என்ற இடத்தில் கடலுக்குள் 11 காற்றாலைகளை நிறுத்தி உலகுக்கு வழிகாட்டிய நாடு டென்மார்க். இன்று அதன் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து வருகிறது. இந்தியாவோ குஜராத், தமிழ்நாட்டுக் கடற்பகுதிகளில் அதே வேலையைத் தொடங்கப் பார்க்கிறது. (கடலுக்குள் நிற்பதைக் 'கடலோரக் காற்றாலை' என்று எழுதுகிறவர்களையும் இங்கேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்: ஓரத்தில் நிற்பதற்கு அப்புறம் என்ன பெயர் வைப்பீர்கள்?) வாரணாசியில் வருணா ஆற்றைச் சுத்தப்படுத்தும் ஆய்வுக்கும் டேனியர்கள் வந்திருக்கிறார்கள். சாக்கடை நீரைச் சுத்திகரிக்க வந்தவரைச் சக்கர வியூகத்தில் நிறுத்துவது என்ன நியாயம்?

'கிரேக்க மூலத்திலும் படைதானே இருக்கிறது, வியூகம் அதற்கு நேர்தானே' என்று ஒருவர் கேட்கலாம். ஆங்கிலச் சொல் தன் சீருடையைக் கழற்றிப் பல காலம் ஆகிறது. நம் வியூகம் இன்னும் கவசத்தோடு நிற்கிறது. சொல் எங்கே பிறந்தது என்பதைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பாகாது, இன்று அது செய்யும் வேலையைப் பெயர்க்க வேண்டும்.

இந்த வேர் வாதம் எவ்வளவு தூரம் வழி தவறும் என்பதற்குப் 'பங்காளி'யைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆங்கிலப் 'பார்ட்னர்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்த 'பார்சனர்' என்பதன் திரிபு. பார்சனர் என்றால் கூட்டு வாரிசு, அதாவது அப்பன் சொத்தில் பங்கு உள்ளவர். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 'கோபார்சனர்' என்று வருகிறதே, 2005 திருத்தத்தில் மகள்களுக்கும் நாடெங்கும் கிடைத்த தகுதி (தமிழ்நாட்டில் 1989இலேயே வந்துவிட்டது), அதில் இருப்பதும் இதே சொல்தான். ஆகவே வேரைப் பார்த்தால் பார்ட்னருக்குப் பங்காளி அச்சு அசலான பெயர்ப்பு. மயிரிழை பிசகாது. ஆனாலும் முழுத் தவறு. பார்ட்னர் என்ற சொல் சொத்தை மறந்துவிட்டது. பங்காளி மறக்கவில்லை.

தமிழ்நாட்டில் பங்காளி யார்? தாத்தனின் நிலத்தைப் பிரித்துக்கொண்டவர். வரப்பை ஒவ்வொரு உழவிலும் அரை அடி நகர்த்துகிறவர், அல்லது நாம் நகர்த்தினோம் என்று வழக்குப் போடுகிறவர். அவர் வீட்டில் சாவு விழுந்தால் நமக்கும் தீட்டு. அவர் வீட்டில் பெண் கொடுக்கவோ எடுக்கவோ முடியாது. 'பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டு' என்று பழமொழியே இருக்கிறது. தொலைவில் இருக்கிற இரண்டு வீடுகள் ஒன்றிடம் இல்லாததை மற்றொன்றிடம் வாங்கி, நல்லது கெட்டதில் கலந்துகொண்டு, சீர் செய்து உறவாடினால் அதற்குப் பெயர் சம்பந்தி. காற்றாலை நுட்பம் அங்கே, சந்தையும் கடற்கரையும் இங்கே. இதற்கு உறவுமுறை சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் டென்மார்க் நமக்குச் சம்பந்தி.

இந்தியாவுக்கு உண்மையான பங்காளி உண்டு, அது பாகிஸ்தான். 1947இல் பிரிட்டிஷ் இந்தியாவின் நிதிச் சொத்திலும் கடனிலும் 17.5 விழுக்காடு பாகிஸ்தானுக்கு என்று பேசி முடித்தார்கள். கையிருப்பு ரொக்கத்தில் அவர்கள் பங்கு 75 கோடி ரூபாய். முன்பணமாக 20 கோடி போனது. காஷ்மீரில் சண்டை மூண்டதும் மீதி 55 கோடியை டெல்லி நிறுத்தி வைத்தது. காந்தி உண்ணாநோன்பு இருந்த நாட்களில், 1948 ஜனவரியில் அதைக் கொடுக்க முடிவானது. 1960இல் சிந்து நதி ஆறுகளைக் கிழக்கே மூன்று, மேற்கே மூன்று என்று பிரித்தார்கள். சொத்துப் பிரிப்பு, பாக்கித் தொகை, வாய்க்கால் தண்ணீர், எல்லைத் தகராறு: ஒரு பங்காளிக் கதைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. அந்தச் சொல்லை இப்போது கோபன்ஹேகனுக்குக் கொடுத்துவிட்டால் இஸ்லாமாபாத்தை எப்படி அழைப்பது?

இலங்கை நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கே 'பங்காளிக் கட்சி' என்பது கூட்டணிக் கட்சிக்கு நிலைத்துவிட்ட பெயர், படிப்பவர் யாரும் வரப்பை நினைப்பதில்லை. மூலோபாயம், தந்திரோபாயம் என்று பெருந்திட்டத்தையும் களத்துச் செயலையும் வேறுபடுத்தும் ஒழுங்கும் அவர்களிடம் இருக்கிறது. அந்த ஒழுங்கு தமிழ்நாட்டு இதழ்களில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூலமும் உபாயமும் வடமொழிப் புணர்ச்சியில் ஒட்டிக்கொண்ட 'மூலோபாயம்' இங்கே ஒருவருக்கும் விளங்காது. பங்காளித்துவம் என்று 'துவம்' சேர்த்தால் முதலாளித்துவத்தின் தம்பி போலக் கேட்கிறது. அவர்கள் சொல் அவர்களுக்கு இருக்கட்டும். அதை இறக்குமதி செய்து முன்னால் வியூகத்தை மாட்டும் நம்மவர்களோடுதான் என் வழக்கு.

ராஜதந்திரம் என்று எழுதுகிறவர்கள் 'ஸ்ட்ராட்டஜிக்', 'டிப்ளமாட்டிக்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது தூதரக உறவுக்குப் போடும் சொல், அதற்கும்கூட நல்ல சொல் இல்லை. தந்திரம் என்றால் இன்று ஏமாற்று வேலை. நல்ல சொற்கள் இப்படிக் கெடுவது உண்டுதான். 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்று வள்ளுவர் சொன்ன சூழ்ச்சி, கூடி ஆராய்வது. இன்று இரு பிரதமர்கள் சூழ்ச்சி செய்தார்கள் என்று எழுதினால் ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சூழ்ச்சிக்கு அஞ்சுகிறவர் தந்திரத்துக்கு ஏன் அஞ்சுவதில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

உத்தி பரவாயில்லை. தொல்காப்பிய மரபியல் நூல் செய்வதற்கு முப்பத்திரண்டு உத்தி சொல்கிறது. கிராமத்தில் பிள்ளைகள் விளையாடுமுன் உத்தி பிரிப்பார்கள்: இரண்டிரண்டு பேராக ஒதுங்கிப் போய் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வந்து, எந்தப் பெயர் வேண்டும் என்று தலைவர்களிடம் கேட்பார்கள். சொல்லில் பகை இல்லை, கவசம் இல்லை. ஆனால் உத்தி என்பது ஒரு காரியத்தைச் செய்யும் முறை. 'உத்திசார் கூட்டாண்மை' என்றால் ஏதோ முறையைச் சார்ந்த கூட்டாண்மை என்றாகிறது. எந்த முறை? அந்த 'சார்' என்ற ஒட்டு எதையும் எதோடும் ஒட்டும் பசையாகிவிட்டது. சுற்றுச்சூழல்சார், பொருளாதாரம்சார், திறன்சார். எழுதியவருக்கே பொருள் தெரியாத இடத்தில் 'சார்' வந்து உட்காருகிறது.

கூட்டாண்மையில் வேறு சிக்கல். கணக்கியலில் அது கூட்டு வணிக நிறுவனத்துக்குரிய பெயர். அதிலிருந்து ஆளைக் குறிக்கக் 'கூட்டாளி' என்று பிரித்தால் நேரே குற்றச் செய்திப் பக்கத்துக்குப் போய்விடுவோம், 'ரவுடியும் அவரது கூட்டாளியும் கைது'. கூட்டணி என்றால் படை உடன்பாடு. டென்மார்க் 1949இல் நேட்டோ கூட்டணியைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று, இந்தியா எந்தப் படைக் கூட்டணியிலும் இல்லை. கூட்டுறவு என்று போடலாமே என்றால் உரக்கடையும் நகைக்கடன் வங்கியும் நினைவுக்கு வரும்.

நான் சொல்வது நெடுநோக்குத் தோழமை. நாட்டைக் குறிக்கத் தோழமை நாடு. தோழமைக் கட்சி என்று நம் அரசியலில் நாள்தோறும் புழங்கும் சொல்தான். யாரும் யாருக்கும் வாரிசு இல்லை, யார் மீதும் படையெடுப்பு இல்லை, ஆனால் சேர்ந்து வேலை செய்கிறோம் என்ற பொருள் அதில் இருக்கிறது. வள்ளுவர் 'துணைவலியும் தூக்கிச் செயல்' என்றதால் 'துணைமை' என்று ஆக்கிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் துணை என்றதும் துணை ஆட்சியர், துணைத் தலைவர் என்று ஒரு படி கீழே போய்விடுகிறது. சம உரிமையுள்ள இரண்டு நாடுகளுக்கு அது ஆகாது.

'தொலைநோக்கு' என்றால் போதாதா? அதை 'விஷன்' பிடித்துக்கொண்டது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஒரு தொலைநோக்கு ஆவணம் வருகிறது. நெடுநோக்கு இன்னும் யார் கையிலும் சிக்கவில்லை. இந்த உறவுக்கு அது உண்மையாகவும் இருக்கிறது. 1995இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்கள் வீசப்பட்ட வழக்கில் தேடப்பட்ட டேனியரை ஒப்படைக்க முடியாது என்று 2011இல் அந்நாட்டு நீதிமன்றம் சொல்லிவிட, இரு நாட்டு உறவு சில ஆண்டுகள் உறைந்தே போனது. அந்தக் கசப்பைத் தாண்டித்தான் ஐந்தாண்டுச் செயல்திட்டம் போட்டார்கள். இன்னும் பின்னே போனால் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டேனியருக்குத் திறந்துவிட்டதும், டென்மார்க் அரசருக்குத் தமிழில் பொன்னோலை அனுப்பியதும், 1845இல் அவர்கள் ஊரைப் பிரிட்டிஷாரிடம் விற்றுவிட்டுப் போனதும் இருக்கிறது. இத்தனைக்கும் பொருந்தக்கூடியது நெடிய பார்வை.

எல்லா 'ஸ்ட்ராட்டஜிக்'குக்கும் நெடுநோக்கு என்று போட்டுவிடாதீர்கள். மங்களூரு, விசாகப்பட்டினம், படூர் நிலத்தடிக் குகைகளில் கச்சா எண்ணெய் சேமித்து வைத்திருப்பதும் ஆங்கிலத்தில் அதே அடைமொழியோடுதான் வருகிறது. அங்கே 'காப்பிருப்பு' என்றாலே போதும். 'வியூக எண்ணெய் இருப்பு' என்று எழுதியவர் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிட்டவர். இப்போதெல்லாம் அகராதியைக்கூட யாரும் திறப்பதில்லை, கணினி தந்ததை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். ஒரே செய்தியில் மேலே காலநிலை மாற்றம், நடுவில் பருவநிலை மாற்றம், கடைசிப் பத்தியில் வானிலை மாற்றம் என்று மூன்றும் வருவது அதனால்தான். மழை வருமா என்பதும் கடல்மட்டம் உயருமா என்பதும் அவர்களுக்கு ஒன்று.

டென்மார்க்கோடு செய்துகொண்டதைப் பசுமை நெடுநோக்குத் தோழமை என்று எழுதலாம். தலைப்பில் இடம் இல்லாவிட்டால் 'பசுமைத் தோழமை' போதும். ஆஸ்திரேலியாவோடு 2020இல் செய்ததற்கு 'விரிவான' என்று ஓர் அடை சேர்க்க வேண்டியிருக்கும். ரஷ்யாவோடு உள்ளது 2010 முதல் 'சிறப்பு முன்னுரிமை நெடுநோக்குத் தோழமை'. அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள 'ப்ரிவிலெஜ்ட்' என்பதைத் 'தனிச்சலுகை' என்று எழுதுகிறவர்கள் பேருந்துக் கட்டணச் சலுகையோடு குழப்பிக்கொள்கிறார்கள். பெயர் நீளம்தான். ஆங்கிலத்திலும் நீளம்தான், அதற்கு டெல்லியையும் மாஸ்கோவையும்தான் கேட்க வேண்டும்.